ஏற்காட்டு அடிவாரத்துப் பாட்டாலை: மாடர்ன் தியேட்டர்ஸ் திரைப்பாடல்களும் மேட்டிமைச் சுவை மதிப்பீடும்

ஆய்வுச்சுருக்கம்

திரைப்பாடல் ஆலைப்பொருள் போலத் தயாரிக்கப்படுவது. ஆதலின் அதன்மீது கொள்ளும் விருப்பம் தாழ்ந்த சுவையின் அடையாளம் என்னும் கருத்து தமிழ்க் கல்வி உலகில் இன்றும் நிலவுகிறது. சேர்வராயன் மலையின் அடிவாரத்தில் சேலம் - ஏற்காடு சாலையில் இயங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ் நிறுவனத்தின் பாடல்களை முன்வைத்து இக்கருத்தை இக்கட்டுரை மறுபரிசீலனை செய்கிறது. வார்ப்பு, கூட்டுழைப்பு, வணிகநோக்கு ஆகிய மூன்றும் ஒரு பாடலின் தரத்தைத் தாமாகவே தீர்மானிப்பதில்லை என்பதும், திரைப்பாடலை அதன் வரிகளைக் கொண்டு மட்டும் காக்க முயல்வது மேட்டிமை மதிப்பீட்டையே வேறு வடிவில் ஏற்பதாகும் என்பதும் இதன் கருதுகோள்கள் ஆகும்.

திறவுச்சொற்கள்: திரைப்பாடல், மாடர்ன் தியேட்டர்ஸ், ஏற்காடு, மந்திரி குமாரி, மெட்டு, வார்ப்பு, சுவை மதிப்பீடு, மலையாளிப் பழங்குடியினர்.

முன்னுரை

சேலத்திலிருந்து ஏற்காட்டிற்குச் செல்லும் சாலையில் மலையேற்றம் தொடங்குவதற்கு முன்பாக ஒரு முகப்பு வளைவு நிற்கிறது. அதன் பின்னிருந்த படப்பிடிப்புத் தளங்கள் இன்று இல்லை. 1935ஆம் ஆண்டில் டி. ஆர். சுந்தரம் தோற்றுவித்த மாடர்ன் தியேட்டர்ஸ் நிறுவனத்தின் எச்சமாக எஞ்சியிருப்பது அவ்வளைவே. அதனைக் கடந்து இருபது கொண்டையூசி வளைவுகளில் ஏறிச் செல்லும் பேருந்துகளில் பயணியர் கேட்பது பெரும்பாலும் திரைப்பாடல்களையே. பாடல் உருவான இடத்திற்கும் அது கேட்கப்படும் இடத்திற்கும் இடையே இத்துணை நெருக்கம் அமைந்த நிலப்பகுதிகள் தமிழகத்தில் மிகச் சிலவே.

எனினும் இப்பகுதியின் இசை குறித்து ஆராயப் புகுவோர் சாலையோர வளைவில் நிற்பதில்லை. மலைமேல் வாழும் மலையாளிப் பழங்குடியினரின் சடங்குப் பாடல்களைத் தேடியே அவர்கள் செல்கின்றனர். அத்தேடல் மதிக்கத்தக்கது. ஆயின் அம்மக்கள் அன்றாடம் விரும்பிக் கேட்கும் திரைப்பாடல் ஆய்வுப்பொருளாகக் கருதப்படாமைக்கு ஒரு மதிப்பீடு காரணமாக இருக்கிறது. மண்ணில் விளைந்த பாடல் உயர்ந்தது, ஆலையில் செய்த பாடல் தாழ்ந்தது என்பதே அம்மதிப்பீடு. அது எந்த அளவிற்குப் பொருந்தும் என்பது இங்கு ஆராயப்படுகிறது.

ஆலையும் பாட்டும்

மாடர்ன் தியேட்டர்ஸை ஓர் ஆலை என்பது வெறும் உவமையன்று. நூல் வணிகக் குடும்பத்தில் பிறந்த சுந்தரம் இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் நெசவுத் தொழில்நுட்பம் பயின்றவர். நெசவாலையின் ஒழுங்கைத் திரைப்படத்திற்குள் அவர் கொண்டுவந்தார். மாதச் சம்பளம் பெறும் கலைஞர்கள், கதைப்பிரிவு, இசைப்பிரிவு, ஒலிப்பதிவுக் கூடம், பதப்படுத்தும் கூடம் ஆகியவை ஒரே வளாகத்தில் இயங்கின. 1937இல் வெளிவந்த ‘சதி அகல்யா’ தொடங்கி நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் இங்கிருந்து வெளிவந்தன. மலையாளத்தின் முதல் பேசும்படமான ‘பாலன்’ (1938), தமிழின் முதல் முழுநீள வண்ணப்படமான ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ (1956) ஆகியவையும் இவற்றுள் அடங்கும்.

இவ்வாலை எடுத்துக்கொண்ட மூலப்பொருள்கள் கவனிக்கத்தக்கவை. பெ. சுந்தரம் பிள்ளையின் ‘மனோன்மணீயம்’ (1891) படிப்பதற்குரிய நாடகமாகக் கற்றோரிடையே மட்டும் வழங்கியது. அது 1942இல் ‘மனோன்மணி’ என்னும் படமாயிற்று. பாரதிதாசனின் ‘எதிர்பாராத முத்தம்’ 1950இல் ‘பொன்முடி’ ஆயிற்று. முழுமையாகக் கிடைக்காது போன பௌத்தக் காப்பியமான குண்டலகேசியின் கதை, மு. கருணாநிதியின் உரையாடலோடு அதே ஆண்டில் ‘மந்திரி குமாரி’ ஆயிற்று. கண்ணதாசன் இந்நிறுவனத்தின் கதைப்பிரிவில் சில காலம் பணியாற்றியவர். பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் ‘பாசவலை’ (1956) படத்திற்கு விசுவநாதன் - இராமமூர்த்தி இசையில் பாடல் எழுதினார். ஆதலின் ஆலை ஒருபுறமும் இலக்கியம் மறுபுறமும் நின்றன என்னும் எளிய எதிர்நிலை இவ்விடத்தின் வரலாற்றில் பொருந்தவில்லை. கற்றோர் வட்டத்திற்குள் இருந்த கதைகளை எழுத்தறியாதோரிடமும் கொண்டுசேர்த்த வாயில்களுள் இவ்வாலையும் ஒன்று.

வார்ப்பு என்னும் குற்றச்சாட்டு

திரைப்பாடலுக்கு எதிரான குற்றச்சாட்டுகளுள் தத்துவ வலிமை மிக்கது தியோடர் அடோர்னோவுடையது. 1941இல் வெகுசன இசை குறித்து எழுதிய கட்டுரையில் அவர் இருவகை இசையை வேறுபடுத்துகிறார். உயர்ந்த இசையில் ஒவ்வோர் உறுப்பும் முழுமையிலிருந்து பொருள் பெறும். வெகுசன இசையில் உறுப்புகள் ஒரே அச்சில் வார்க்கப்பட்டவை. ஒன்றை எடுத்துவிட்டு மற்றொன்றை வைத்தாலும் பாடல் சிதைவதில்லை. கேட்போருக்குப் புதுமையாகத் தோன்றுவது மேற்பூச்சு மட்டுமே.

பல்லவி, அனுபல்லவி, சரணம், இடையிசை என்னும் அமைப்பைப் படத்திற்குப் படம் திரும்பச் செய்யும் திரைப்பாடலுக்கு இக்கூற்று முதல் நோக்கில் பொருந்துவதாகவே தோன்றும். ஆயினும் தமிழ் மரபைப் பயின்றோருக்கு ஒரு வினா எழுதல் இயல்பு. அச்சில் வார்த்தல் குற்றமாயின் அகப்பாடல்களின் நிலை யாது? குறிஞ்சிக்கு மலை, தினைப்புனம், வேங்கை, சுனை, யாமம், புணர்தல் என அச்சு முன்னரே வகுக்கப்பட்டுள்ளது. முதலும் கருவும் உரியும் வரையறுக்கப்பட்டவை. அந்நிலத்திற்குரிய பறையும் யாழும்கூடக் கருப்பொருளில் அடங்கும். தலைவனுக்கும் தலைவிக்கும் பெயர் சுட்டுதல் விலக்கப்பட்டது. பேசுவோர் யாவர், எச்சூழலில் பேசுவர் என்பதும் விதிக்கப்பட்டது. சங்க வீரப் பாடல்களில் வாய்மொழி வாய்பாடுகள் பயின்று வருவதைக் க. கைலாசபதி 1968இல் வெளிவந்த தம் ஆய்வில் விரிவாக நிறுவினார். இவ்வாய்பாடுகளின் பொருட்டு அப்பாடல்களை எவரும் தாழ்த்துவதில்லை. அச்சு பொதுவாக இருப்பதனாலேயே அதற்குள் நிகழும் சிறு மாற்றம் கேட்போர் செவிக்குத் துலக்கமாகப் புலப்படுகிறது.

அடோர்னோவின் தரப்பிலிருந்து இதற்கு மறுமொழி உண்டு. சங்க வாய்பாடு ஒரு சமூகத்தின் பொதுச்சொத்து; திரைப்பாடலின் வாய்பாடோ விற்பனைக்காக மேலிருந்து திணிக்கப்பட்டது என அவர் தரப்பினர் கூறலாம். இவ்வேறுபாடு உண்மையானதே. ஆனால் இது பாடலின் தோற்றத்தைக் குறித்த கூற்று. பாடலின் தரத்தைக் குறித்த கூற்று அன்று. புரவலரின் பரிசிலை எதிர்நோக்கிப் பாடப்பட்டவை என்னும் காரணத்தால் ஆற்றுப்படைகளை எவரும் ஒதுக்குவதில்லை. எதற்காகச் செய்யப்பட்டது என்னும் வினாவிற்கு விடை கூறிய பின்னரும், என்னவாகச் செய்யப்பட்டது என்னும் வினா எஞ்சியே நிற்கிறது. அதற்கு விடை காண ஒரு பாடலைக் கூர்ந்து கேட்டல் வேண்டும்.

மலையுச்சிப் பாடல்: ஒரு வாசிப்பு

‘மந்திரி குமாரி’யின் இசை ஜி. இராமநாதனுடையது. பாடல்களை அ. மருதகாசி, கா. மு. ஷெரீப் ஆகியோர் புனைந்தனர். அப்படத்தின் புகழ்பெற்ற மலையுச்சி இணைப்பாடலைத் திருச்சி லோகநாதனும் ஜிக்கியும் பாடினர். திரையில் அதற்கு வாயசைத்தோர் எஸ். ஏ. நடராஜனும் மாதுரி தேவியும் ஆவர். ஒரு பாடலுக்கு இத்தனை பேர் உழைத்தனர் என்பதே ‘தயாரிப்பு’ என்னும் குற்றச்சாட்டிற்கு முதற்சான்றாகக் காட்டப்படும். குரல் ஒருவருடையது, உடல் வேறொருவருடையது, சொல் இன்னொருவருடையது; ஆதலின் இதில் உண்மை உணர்ச்சிக்கு இடமில்லை என்பது வாதம்.

பாடலின் சூழலோ இவ்வாதத்தைத் தலைகீழாக்குகிறது. கொள்ளையனாகிய கணவன் மனைவியைக் கொல்லும் நோக்கத்தோடு மலையுச்சிக்கு அழைத்துச் செல்கிறான். அவள் அதனை அறியாள். அழைப்பு பாடலாக வருகிறது. மெட்டு மென்மையானது, விரைவற்றது, ஏறிச் செல்லும் இருவரின் நடைக்கு இசைந்தது. கொலையை முன்னறிவிக்கும் முழக்கம் எதனையும் இராமநாதன் அதில் வைக்கவில்லை. பாடல் முழுவதும் காதற்பாடலாகவே ஒலிக்கிறது. கேட்போர் கதையை அறிந்திருப்பதால் அவ்வினிமையே அச்சமாக மாறுகிறது.

இங்குப் பின்னணிக்குரல் என்னும் தொழில்முறை பொருள் உணர்த்தும் கருவியாகிறது. லோகநாதனின் கனிந்த குரல் நடராஜனின் உடலிலிருந்து வருவதாகக் காட்டப்படுகிறது. வஞ்சகனுக்குச் சொந்தமல்லாத இனிமை அவன் வாயில் பொருத்தப்பட்டிருக்கிறது. குரலும் உடலும் வேறுவேறு என்னும் ஆலைமுறையின் உண்மை, சொல்லும் செயலும் வேறுவேறு என்னும் கதையின் உண்மையோடு ஒன்றுகிறது. நடிகரே பாடியிருப்பின் இவ்விளைவு இதே அளவிற்கு அமைந்திருக்குமா என்பது ஐயத்திற்குரியது. தன்னைத் தள்ளவிருப்பவனை மூன்றுமுறை வலம்வர இசைவு பெற்று அவனையே தள்ளிவிடும் மனைவியின் செயல் காப்பியக் கதையிலிருந்து வந்தது. அச்செயலுக்கு முன் அவளும் அதே மெட்டில் மறுமொழி பாடியிருக்கிறாள் என்பது படத்தின் பங்களிப்பு. ஏமாற்றின் மெட்டை நம்பிக்கையோடு பாடிய குரல் அடுத்த காட்சியில் அந்நம்பிக்கையை இழக்கிறது.

இப்பாடலின் உறுப்புகளை மாற்றிவைத்தாலும் பயன் மாறாது என எவரும் கூற இயலாது. மெட்டின் மென்மையை அகற்றினால் வஞ்சம் இல்லை. பெண்குரலை அகற்றினால் இழப்பு இல்லை. அடோர்னோ உயர்ந்த இசைக்கு விதித்த அளவுகோலையே இவ்வாலைப்பொருள் நிறைவு செய்கிறது. எல்லாத் திரைப்பாடல்களும் அவ்வாறு செய்கின்றன என்பது இதன் பொருளன்று. ஆலையில் செய்யப்பட்டது என்னும் செய்தி மட்டும் எதனையும் முன்கூட்டித் தீர்த்துவிடாது என்பதே பொருள்.

ஆர்மோனியமும் வானொலியும்

இராமநாதன் தம் தமையனாரின் அரிகதை நிகழ்ச்சிகளுக்கு ஆர்மோனியம் வாசித்துத் தொழில் பயின்றவர். மெட்டமைப்போரின் அடிப்படைக் கருவியாக அது விளங்கியது. அதே கருவியை அகில இந்திய வானொலி 1940இல் விலக்கியது. 1971இல்தான் அவ்விலக்கு தளர்ந்தது. கமகத்தை அது தர இயலாது என்னும் இசையியற் காரணம் கூறப்பட்டது. காரணம் ஒருவகையில் உண்மையே. ஆயினும் கூத்து, நாடகம், பசனை, திரைப்படம் ஆகியவற்றை நம்பி வாழ்ந்த இசைக்கலைஞர் பெருங்கூட்டம் அதனால் வானொலியின் மதிப்பெல்லைக்கு வெளியே நிறுத்தப்பட்டது.

1952இல் ஒன்றியத் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி. வி. கேஸ்கர் திரைப்பாடலையே வானொலியில் சுருக்க முற்பட்டார். மக்களின் சுவையைச் செம்மைப்படுத்துவது அரசின் கடமை என்பது அவர் நிலைப்பாடு. மக்கள் கருவியின் திருகை இலங்கை வானொலியின் பக்கம் திருப்பினர். 1957 அக்டோபர் 3ஆம் நாள் ‘விவித் பாரதி’ தொடங்கப்பட்டதும், திரைப்பாடல் அரசு வானொலிக்குள் உரிய இடத்தோடு மீண்டதும் பின்னர் நிகழ்ந்தவை. கேட்போர் ஆலை கொடுத்ததை வாங்கிக்கொள்ளும் செயலற்ற திரள் என்னும் கருத்தினை இந்நிகழ்ச்சி ஐயத்திற்குள்ளாக்குகிறது. அரசு கொடுத்ததை அவர்கள் வாங்கிக்கொள்ளவில்லை.

மேட்டிமை மதிப்பீட்டின் மற்றொரு இயல்பு அது காலந்தோறும் எல்லையை நகர்த்துவது. இராமநாதனின் பாடல்கள் இன்று ‘பொற்காலப் பாடல்கள்’ எனப்படுகின்றன; இன்றைய பாடல்களைக் கண்டிக்க அவை எடுத்துக்காட்டப்படுகின்றன. ஒருகாலத்தில் இசையரங்கின் மதிப்பெல்லைக்கு வெளியே நின்றவையே இன்று அளவுகோலாகியுள்ளன. பாடல்கள் மாறவில்லை, அவற்றைக் கேட்டு வளர்ந்தோர் மதிப்பிடும் இடத்திற்கு வந்தனர்.

இது திரைப்பாடலுக்கு மட்டும் நேர்ந்ததன்று. கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் சரித்திரக் கீர்த்தனைகளில் இலக்கணப் பிழை மலிந்திருந்தமையால் அந்நூலுக்குச் சிறப்புப்பாயிரம் தர மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை முதலில் இசையவில்லை. பின்னர் ஒருநாள் ஆசிரியரே பாடக் கேட்டு உருகிப் பாயிரம் அளித்தார். இதனை உ. வே. சாமிநாதையர் பதிவு செய்துள்ளார். ஏட்டில் பிழையாகத் தெரிந்தது செவியில் பிழையாகத் தெரியவில்லை. பெரும்புலவர் தம் செவியை நம்பினார் என்பதே இந்நிகழ்ச்சி தரும் பாடம்.

வரிகளை மட்டும் காக்கும் வாதம்

தமிழ்த்துறைகளில் திரைப்பாடல் முற்றாக விலக்கப்பட்டுள்ளது எனக் கூற இயலாது. பட்டுக்கோட்டையாரின் பொதுவுடைமைச் சிந்தனை, கண்ணதாசனின் தத்துவம், திரைப்பாடல்களில் சங்க இலக்கியத் தாக்கம் என்னும் வகையிலான தலைப்புகள் ஆய்வாளர்க்குப் பழக்கமானவையே. ஆனால் இவற்றின் அணுகுமுறை பொதுவானது. பாடலிலிருந்து மெட்டும் குரலும் காட்சியும் நீக்கப்படுகின்றன. எஞ்சிய வரிகள் கவிதையாக மதிப்பிடப்படுகின்றன. உவமையும் கருத்தும் உயர்ந்தவை என நிறுவப்பட்டதும் பாடல் காக்கப்பட்டதாகக் கொள்ளப்படுகிறது.

இவ்வாதம் எதிர்த்தரப்பின் அடிப்படையை ஏற்றுக்கொண்டே தொடங்குகிறது. கவிதையாகத் தேறும் பாடலே மதிப்புடையது என்றால், எளிய சொற்களும் பொருளற்ற இசையொலிகளும் கொண்ட பாடலை விரும்புவோர் மீண்டும் தாழ்ந்த சுவையினராகின்றனர். தாலாட்டின் அசைகளையும் கும்மியின் தன்னன்னத்தையும் இசையாக ஏற்கும் ஆய்வு, திரைப்பாடலில் அவற்றையே வெற்றொலி எனக் கழிப்பது முரண்பாடாகும். மெட்டுக்கு எழுதுதல் கவிஞனைச் சிறுமைப்படுத்தும் என்பதும் இத்தகைய கருத்தே. அண்ணாமலை ரெட்டியாரின் காவடிச்சிந்து நடைக்கும் ஆட்டத்திற்கும் இசைந்த சந்தத்தில் சொற்களை அமைத்தது. வண்ணப்பாக்களில் சந்தம் முன்னும் சொல் பின்னுமாக நிற்பதைப் புலமையின் உச்சம் எனப் போற்றும் மரபு, அதனையே ஒலிப்பதிவுக் கூடத்தில் கண்டால் அடிமைத்தொழில் என்பது பொருந்தாது.

நிறுவன அங்கீகாரமும் இப்பிளவைப் பேணிவந்துள்ளது. கண்ணதாசனுக்குச் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது 1980இல், ‘சேரமான் காதலி’ என்னும் புதினத்திற்கு. தமிழ் பேசும் மக்களில் பெரும்பாலோர் அவரை அறிந்தது பாடல்களால்.

மலையின் தூய்மை

மேட்டிமை மதிப்பீட்டின் நுண்ணிய வடிவம் நாட்டார் வழக்காற்று ஆய்வினுள்ளும் காணப்படுகிறது. மலையாளிகளிடம் பாடல் சேகரிக்கச் செல்லும் ஆய்வாளர் ‘பழைய பாட்டு’ கேட்கிறார். பாடுபவர் திரைமெட்டில் ஒரு பாடலைத் தொடங்கினால் அது கலப்பு எனக் கருதி ஒலிப்பதிவை நிறுத்தும் வழக்கம் களப்பணியில் அரிதன்று. தூய்மையைக் காத்தல் என்னும் நன்னோக்கத்தில் இது செய்யப்படுகிறது. எனினும் ஒரு சமூகம் எதனை விரும்பலாம் என்பதைப் பிறர் முடிவு செய்யும் செயலும் இதனுள் அடங்கியுள்ளது.

சேர்வராயன் மலையின் வரலாறு அத்தகைய தூய்மைக்கு இடம் தருவதன்று. இம்மலையாளிகள் தமிழ் பேசுவோர். தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்து மலையேறினர் என்னும் வாய்மொழி மரபை உடையோர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் சேலம் ஆட்சியர் எம். டி. காக்பர்ன் காலத்தில் காப்பிப்பயிர் இம்மலைக்கு வந்தது. தோட்டங்களோடு சமவெளித் தொழிலாளரும் வந்தனர். மலை உச்சியில் குகைக்கோயில் கொண்டுள்ள சேர்வராயன், காவேரியம்மன் திருவிழாவிற்கு மலைமக்களோடு சமவெளியினரும் திரள்கின்றனர். சமவெளியின் கதையும் பயிரும் தெய்வப்பெயரும் ஏறிய பாதையில் பாடலும் ஏறியதில் வியப்பில்லை.

சடங்குப்பாடல் அருகிவருவது மெய்யான இழப்பு. அதனைப் பதிவு செய்தல் உடனடிக் கடமை. ஆனால் அவ்விழப்பிற்குத் திரைப்பாடலை விரும்புவோரைக் குற்றவாளியாக்குதல் காரணத்தை இடம்மாற்றுவதாகும். நிலம், தொழில், பள்ளி, இடப்பெயர்வு ஆகியவற்றில் நிகழ்ந்த மாற்றங்களால் சடங்கின் சூழல் சுருங்கியதே முதற்காரணம். காப்பிக்கொட்டை பறிக்கும் தொழிலாளி கைப்பேசியில் கேட்கும் பாடலும் அம்மலையின் இன்றைய இசையே. குறிஞ்சியின் கருப்பொருளை இன்று தொகுப்போர் அதனை விட்டுவிடின் பட்டியல் முழுமை பெறாது.

எதிர்வாதங்களின் எல்லை

திரைப்பாடலின் மீதான எல்லாக் கண்டனமும் மேட்டிமையின் விளைவன்று. பெண்ணைப் பின்தொடர்ந்து துன்புறுத்துதலைக் காதலாகச் சித்திரிக்கும் பாடல்கள், சாதிப்பெருமை பேசும் பாடல்கள் ஆகியவை கண்டிக்கத்தக்கவை. வெற்றி பெற்ற ஒரு மெட்டின் நகல்கள் சலிப்பூட்டுபவை. விளம்பர வலிமையால் சில பாடல்கள் மட்டுமே எங்கும் ஒலிப்பதும் குறையே. மாடர்ன் தியேட்டர்ஸின் நூற்றுக்கும் மேற்பட்ட படங்களிலும் இன்று எவர் நினைவிலும் நில்லாத பாடல்கள் பல உள்ளன.

ஆயின் இக்கண்டனங்களுக்கும் மேட்டிமை மதிப்பீட்டிற்கும் தெளிவான வேறுபாடு உண்டு. முன்னவை பாடலைக் கேட்ட பின் கூறப்படுபவை. இன்ன பாடலில் இன்ன இடத்தில் இன்ன குறை எனச் சுட்டுபவை. பின்னது பாடலைக் கேளாமலே கூறப்படுவது. அதன் குறி பாடலன்று, அதனை விரும்புவோர். ஒருவர் ஒரு பாடலை ஏன் விரும்புகிறார் என்னும் வினாவை எழுப்பாது அவ்விருப்பத்தை அவருடைய கல்விக்குறைவின் அடையாளமாகக் கொள்வது திறனாய்வு ஆகாது. சுவை வேறுபாடுகள் வர்க்க வேறுபாடுகளை நியாயப்படுத்தும் கருவியாவதைப் பியேர் பூர்தியூ பிரெஞ்சுச் சமூகத்தை முன்வைத்து 1979இல் விளக்கினார். தமிழ்ச்சூழலில் அதனோடு சாதியும் சேர்கிறது. ‘டப்பாங்குத்து’ என்னும் சொல் ஏளனமாக வழங்கும்போது இகழப்படுவது தாளம் மட்டுமன்று. அத்தாளத்தைப் பறையில் பேணிவந்த மக்களும் ஆவர்.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பின்வருவன புலனாகின்றன. மாடர்ன் தியேட்டர்ஸ் பாடல்கள் ஆலைமுறையில் தயாரிக்கப்பட்டவை என்பது உண்மை. அதனை மறைத்துப் பாடல்களைக் காக்க வேண்டுவதில்லை. பொது அச்சில் வார்த்தல் தமிழ்க் கவிதை மரபிற்குப் புதியதன்று. கூட்டுழைப்பும் குரல்மாற்றும் பாடலின் பொருளை ஆழப்படுத்த வல்லவை என்பதை ‘மந்திரி குமாரி’யின் மலையுச்சிப் பாடல் காட்டுகிறது. வரிகளை மட்டும் பிரித்து மதிப்பிடும் ஆய்வுமுறை மெட்டு, குரல், காட்சி, கேட்புச்சூழல் ஆகியவற்றையும் உள்ளடக்குமாறு விரிவுபெறல் வேண்டும். களப்பணியில் ‘கலப்பு’ என ஒதுக்கப்படும் பாடல்களும் பதிவு செய்யப்படல் வேண்டும். அவற்றைப் பாடுவோரிடம் அவற்றின்மீதான விருப்பத்திற்குரிய காரணமும் கேட்கப்படல் வேண்டும்.

இக்கேள்வி வகுப்பறைக்கும் உரியது. தமிழ் பயில வரும் மாணவருள் பலர் தாம் முதன்முதலாக மனப்பாடம் செய்த தமிழைத் திரைப்பாடலிலிருந்தே பெற்றவர்கள். எதுகையும் மோனையும் சந்தமும் இலக்கணப் பெயர் பெறுவதற்கு முன்பே அவர்தம் செவியில் பதிந்துள்ளன. அச்செவியை வெட்கப்படச் செய்துவிட்டுக் குறுந்தொகையைத் தொடங்கும் ஆசிரியர், மாணவரிடம் முன்னரே இருந்த ஒரு கல்வியை இழக்கச் செய்கிறார். அதனைத் தொடக்கமாகக் கொள்ளும் ஆசிரியருக்குக் குறிஞ்சித்திணையின் அச்சையும் அதற்குள் நிகழும் மாற்றத்தையும் விளக்குதல் எளிதாகும்.